தெற்குப் பார்த்த பெட்டி

அன்புத் தோழிக்கு,

இன்று காலை சிட்னியில், டூங்கபியில் ஒரு பள்ளி மண்டபத்துக்குள் நுழைந்ததுமே கறுப்புப் பெயின்ற் மணம் மூக்கில் ஏறியது. மாணவர்களின் விஞ்ஞானச் செயற்றிட்டங்களைப் பார்த்துப் புள்ளி போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். யாரோ முதல்நாள் அடித்த பெயின்ற், இன்னும் சரியாகக் காயவில்லை. உனக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

எழுபதுகளில் நாம் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிட்னியில் ஒரே வகுப்பில் சேர்ந்த புதிது. வெயிலில் தண்ணீர் சூடாக்கும் பெட்டி செய்து, அளந்து, அறிக்கை எழுதச் சொன்னார் ஆசிரியர். வகுப்பே முனகியது. "உதெல்லாம் சோதினைக்கு வராது" என்று நானும் புறுபுறுத்தேன். ஆனால் அதில் எடுக்கும் புள்ளியை வைத்துத்தான் அடுத்த வருடம் பௌதிக வகுப்பில் இடம். கிடைக்காவிட்டால் தட்டச்சுப் பழகப் போ என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

உங்கள் வீட்டுப் பின்வளவில் தகரப் பெட்டிக்குக் கறுப்படித்து, கண்ணாடி மூடி, தெற்குப் பார்க்கச் சரித்து வைத்தோம். ஊரிலிருந்து நான் பத்திரமாகக் கொண்டுவந்த கொப்பியில் அப்படித்தான் எழுதியிருந்தது. கொப்பியில் இருந்தால் சரி என்றே வளர்ந்தவர்கள் நாம். ஆறு நாள் அளந்தோம். தண்ணீர் சூடாகவேயில்லை. நீ வெப்பமானியைத் தட்டித் தட்டிப் பார்த்தாய்.

ஏழாம் நாள் உடுப்புக் காயப்போட வந்த உன் அம்மா நின்று பார்த்தார். "ஏன் பிள்ளையள், வெயிலுக்கு முதுகைக் காட்டி வைச்சிருக்கிறியள்? இஞ்ச வெயில் வடக்காலயெல்லோ வருது!"

வகுப்பில் முதலாம் இரண்டாம் பிள்ளைகள் நாங்கள்! கொப்பி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள ஊருக்கு எழுதியது; சிட்னி அதற்குத் தெற்கே. பெட்டியைத் திருப்பினோம். மத்தியானம் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

அறிக்கை கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. முதல் ஆறு நாள் தாளைக் கிழித்துவிட்டு, நல்ல எண்களாக நிரப்பிவிடலாம் என்றேன். நீ அளவு எழுதிய கொப்பியின் மேல் கையை வைத்தாய்.

"கிழிக்காதை. பிழையாப் போனதும் நாங்கள் அளந்ததுதானே."

"உனக்கென்ன, தட்டச்சுக்குப் போகப்போறது நான்தானே!" என்று கத்திவிட்டுப் போனேன். அடுத்த நாள் முழுக்க உன்னோடு பேசவில்லை. என் பயம் உனக்கு விளங்காது என்று நினைத்தேன். ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை.

அறிக்கையை வகுப்பில் வாசித்த நாள், தெற்குப் பார்த்து வைத்தோம் என்று நீ சொன்னதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு, இரண்டு பக்க எண்களையும் தூக்கிக் காட்டினாய். முனகிய அதே பிள்ளைகள் எங்கள் மேசையைச் சுற்றி வந்து, கிழக்குப் பார்த்தால் என்ன, மேற்குப் பார்த்தால் என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் முதல் ஆறு நாளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எனக்குப் பௌதிக வகுப்பில் இடம் கிடைத்தது.

இன்று ஒரு பிள்ளையின் வரைபுக் கோடு ஒரு வளைவு நெளிவில்லாமல் இருந்தது. "எது பிழையாகப் போனது?" என்று கேட்டேன். முகம் சிவந்து, கோப்புக்கு அடியிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்து நீட்டினாள். அதை வைத்து அரைமணி நேரம் பேசினோம். அவளுக்கு வாய் ஓயவில்லை.

முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தேன். ஒரு பிள்ளையையும் தாள் கிழிக்க விட்டதில்லை. அவர்கள் கொப்பிகளின் மேல் நான் வைத்தது உன் கையைத்தான்.