குசும் அக்கா கேட்ட பாட்டு

2008 மார்ச், செவ்வாய். மாத்தளை.

பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்காக ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மிடி கீபோர்டில் தனியாகச் சத்தம் வராது. கம்ப்யூட்டரில் இணைத்து ஹெட்போனில்தான் கேட்பேன். மற்றவர்களுக்குக் கட்டைகளைத் தட்டுகிற ஓசை மட்டும் கேட்கும்.

பக்கத்து வீட்டுச் சிங்களவரான குசும் அக்கா இன்று மாலை வந்தார். அவருடைய மகன் ஆமியில், வடக்கில் போர்முனையில் இருக்கிறான். கொஞ்ச நாளாகப் போன் இல்லை.

"மல்லி, ஒவ்வொரு நாளும் என்ன தட்டுறீங்க?" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

என் மனைவி ஸ்டெல்லாவின் முகம் வெளிறிவிட்டது. தமிழர் வீட்டில் புரியாத சத்தம் என்றால் இந்த நாட்களில் எதுவும் நடக்கலாம். நான் அவரை உள்ளே கூட்டிப்போய்க் கீபோர்டைக் காட்டினேன். ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டு வாசித்தேன். முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாட்டு?"

செத்த மகனை மடியில் கிடத்தி மாதா அழுகிற பாட்டு. அதை எப்படிச் சொல்வது?

"ஒரு அம்மா மகனுக்காகப் பாடுறதுங்க அக்கா."

"அப்ப நாளைக்குச் சத்தமாப் போடுங்க. நானும் கேக்கணும்."

சரி என்றேன். நான் சொன்னது பொய் இல்லை என்கிறாள் ஸ்டெல்லா. இல்லைதான். ஆனால் நாளை நான் வாசிக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பார்.