பேர் பதிந்த வீடு

சேரம்பாடி
9.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் உன் உதவியாளர் சங்கிலி அண்ணன்தான் எடுக்கிறார். "யாருங்க?" என்றதும் போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். "எம்எல்ஏவைப் போய் நீ, வா, போன்னு எழுதறியே புள்ள, உள்ள தூக்கிப் போட்டுருவாங்க" என்று அப்பா படுத்தபடியே சிரிக்கிறார்.

இடுப்பு ஒடிந்து அப்பா வேலையை விட்டதும் எஸ்டேட் ஆபீசில் வீட்டைத் திரும்பக் கேட்டார்கள். குடும்பத்தில் ஒருவராவது வேலையில் இருந்தால்தான் தொழிலாளர் லயத்தில் வீடு. நீ சொன்னபடி பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்கு என் பேரைப் பதிந்துவிட்டேன். இன்று தேயிலைக் காட்டில் முதல் நாள். தபித்தாள் அக்கா, "கொழுந்தைப் பறிக்கச் சொன்னா செடியையே புடுங்கறாளே எம்எல்ஏ மக!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விரல் எரிகிறது. பிளஸ் டூ புத்தகங்களைப் பரணில் வைத்திருக்கிறேன். எப்போது வருவாய்?

உன் மகள்,
கலைமதி

சென்னை
20.6.2025

என் தங்கத்துக்கு,

விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவு. நான் தோற்ற இரண்டு தேர்தலிலும் சனங்கள் கேட்டது ஒன்றுதான்: "ஜெயிச்சா லயத்தை உட்டுப் போயிருவியா?" போகமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் மூன்றாவது முறை ஜெயித்தேன். அந்த வீடு போனால் என் வார்த்தை போய்விடும். அடுத்த தேர்தல் வரை பொறுத்துக்கொள். பிறகு நானே உன்னைப் பள்ளியில் சேர்க்கிறேன்.

அம்மா,
பேச்சி

சேரம்பாடி
12.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மயில்சாமி அண்ணன் டீக்கடை டிவியில் உன் பேட்டி பார்த்தேன். லயத்திலிருந்து சட்டசபைக்குப் போன முதல் பெண் என்றார்கள். எனக்குச் சிலிர்த்தது. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டதும், "பிளஸ் டூ படிக்கறாளுங்க, டாக்டராவா" என்றாய். மயில்சாமி அண்ணன் என் கூடையைப் பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஏன் அம்மா அப்படிச் சொன்னாய்?

உன் மகள்,
கலைமதி

சென்னை
25.8.2025

கண்ணு,

வாய் தவறிவிட்டது. என் மனதில் நீ இன்னும் யூனிபார்மில்தான் இருக்கிறாய். செப்டம்பர் 15 அங்கே பள்ளிக் கட்டடம் திறக்க வருகிறேன். டிவிக்காரர்களும் வருவார்கள். நீ கொழுந்துக் கூடையோடு அவர்கள் கண்ணில் பட வேண்டாம். லீவு போட்டு வீட்டுக்குள்ளேயே இரு. கூட்டம் கலைந்ததும் வந்து உனக்குத் தலை பின்னி விடுகிறேன்.

அம்மா

சேரம்பாடி
17.9.2025

அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி லீவு போட்டேன். தலைக்குக் குளித்து, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கார் லயத்துக்கு வரும், கேமராவும் கூடவே வரும் என்று நினைக்கவில்லை.

"இதுதானுங்க என்ற ஊடு" என்றீர்கள். உள்ளே பார்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "சாவி மககிட்ட இருக்குதுங்க. ஸ்கூலுக்குப் போயிருக்கா."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அப்பா போர்வையை வாயில் வைத்து இருமலை அமுக்கிக்கொண்டார். கார் போன பிறகும் வெகுநேரம் போர்வையை எடுக்கவில்லை. கார் திரும்பி வரவில்லை.

நேற்று ஆபீசில் என் பேரை எடுக்கச் சொல்லிவிட்டேன். அப்பாவும் சரி என்றார். நாங்கள் எமரால்டு ஊரில் அத்தை வீட்டுக்குப் போகிறோம். அங்கே கேரட் தோட்டத்தில் வேலை இருக்கிறதாம்.

சாவியைத் தபித்தாள் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். மாதக் கடைசியில் ஆபீசில் வீட்டை எடுத்துக்கொள்வார்கள். அதுவரை அது உங்கள் ஊடுதான். யார் கேட்டாலும் திறந்து காட்டலாம்.

கலைமதி