மயக்கம் போட்டுப் படுக்க ஒரு ஆள்

திங்கள், 4.8
ஆடிக் காற்று. எத்தனை முறை துடைத்தாலும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் என் மேசை மேல் புழுதி.

டாக்டர் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்திருக்கிறார். நோயாளி மயங்கினால் என்ன செய்வது என்று எல்லோரும் சேர்ந்து பழக வேண்டுமாம். 'டீம் ஒர்க்' வளருமாம். ஃபேன் சுவிட்சுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட உதவியாளர்கள் சுதாவும் மகேஸ்வரியும் ஒரு டீம். நல்லது.

புதன், 6.8
மதியம் பயிற்சி. மகேஸ்வரிக்கு ஆக்ஸிஜன். சுதாவுக்கு மருந்துப் பெட்டி. ஜூனியர் டாக்டர் பிரவீண் நாடி பார்க்க வேண்டும். நோயாளியாகப் படுக்க ஆளில்லை.

"ஆவணியில எனக்குக் கல்யாணமுங்க டாக்டர். மயக்கம் போட்டுப் படுக்கச் சொல்றீங்களே!" சுதா.

"எங்க ஊட்ல தெரிஞ்சா வெய்வாங்க." மகேஸ்வரி.

பிரவீணுக்குத் திடீரென்று இடுப்பு வலி.

"அக்கா படுக்கட்டுங்க," என்றாள் சுதா, என்னைக் காட்டி. "அவுங்களுக்கு இனி என்னங்க ஆவப்போவுது?"

என் வீட்டுக்காரர் போன பிறகும் நான் பொட்டு வைப்பதையே இவளால் இன்னும் செரிக்க முடியவில்லை. டாக்டர் சிரித்தார். படித்த மனிதர். "அட, சும்மா படுங்கம்மா."

சிகிச்சை நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தேன். தலைக்கு மேல் சண்டை. "சிலிண்டர் சாவி எங்கடி?" "உன்கிட்டத்தான குடுத்தேன்?" "பிரவீண், போட்டோ எடுத்தாச்சா?"

மறுபடி. மறுபடி. கடைசியில் ஒழுங்காகச் செய்தார்கள். எழுதவே எரிச்சல்.

வெள்ளி, 8.8
நிஜமாகவே நடந்துவிட்டது. பரமத்தி வேலூர்ப் பெரியவர், வெற்றிலைக் கொடிக்கால்காரர். பல் பிடுங்க வந்தவர், காத்திருக்கும் பெஞ்சிலேயே வேர்த்துக் கொட்டித் தரையில் சரிந்தார். கத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். உள்ளே, நாற்காலிக்கு! வலப்பக்கம் சிலிண்டர், இடப்பக்கம் பெட்டி, பிரவீண் கையில் கடிகாரம். நாற்காலி காலி.

"பேசண்ட் எங்கீங்கக்கா?" என்று என்னையே கேட்கிறாள் மகேஸ்வரி.

"இங்க தரையில, வாங்க!"

வந்த டாக்டர் சொன்னது: "நாற்காலிக்குத் தூக்குங்க." பழகியது அங்கேதானே.

"தூக்காதீங்க," என்றேன். பெரியவர் காதில் கேட்டேன், "சாப்டீங்களாங்க?"

"இல்ல சாமி... பல்லுப் புடுங்க வெறும் வயித்துலதான வாரோணும்... சக்கர மாத்திரை மட்டும்..."

பிரவீண் விரலில் குத்திப் பார்த்தான். சர்க்கரை அடிமட்டம். விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். ஒருவழியாகக் கண் தெளிந்தது. முதல் கேள்வி: "பல்லு இன்னைக்கே புடுங்கிருவீங்களா?"

சனி, 9.8
டாக்டரின் ஸ்டேட்டஸில் புதன்கிழமைப் படம். 'உயிர் காத்த எங்கள் குழு.' நடுவில் கண்மூடிக் கிடப்பது நான். நாத்தனார் அழுதுகொண்டே போன் செய்தாள்.

திங்கள், 11.8
காற்று நின்றிருக்கிறது. பெரியவர் வந்தார், சாப்பிட்டுவிட்டு. மஞ்சப்பையில் வெற்றிலை பாக்கு. நேரே என்னிடம் நீட்டினார்.

"நம்ம கொடிக்கால்து, சாமி. நீங்கதான் வாங்கிக்கோணும்."

சுதா பாய்ந்து வந்தாள். "அவுங்க வெத்தல பாக்கு வாங்கக்கூடாதுங்கய்யா. நான் வாங்கிக்கறேன்."

"ஏன், இந்தம்மாளுக்கும் பல்லு வலியா?"

"இல்லீங்க," என்று இரண்டு கையாலும் வாங்கினேன். புகையிலை, பாக்கு மெல்லாதீர் என்ற டாக்டரின் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து, காம்பு கிள்ளி, மடித்து, சுதாவைப் பார்த்தபடி மென்றேன்.

நல்ல காரம்.