நாற்பத்தேழாம் எண்

கப்பல் தளக் குடியிருப்பு,
3.3.2025

அன்புள்ள மாப்ள விருமாண்டிக்கு,

கண்ணுச்சாமி எழுதுவது. ரெண்டு தடவை போன் அடித்தேன். "யாரு, சத்தமாப் பேசு" என்று கத்திவிட்டு நீ வைத்துவிட்டாய். முப்பத்துமூன்று வருஷம் கப்பலுக்குள் சுத்தியல் சத்தம் கேட்ட காது, அதைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம். ரெங்கம்மாள் தங்கச்சி சுகமா? உன் தோப்புக் கொய்யா எனக்கு ஒரு கூடைகூட வந்ததில்லை என்பதை ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கடலில் மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பல், கடற்படைக் கப்பல் ஒன்றின் விலாவில் மோதிவிட்டது. யாரும் சாகவில்லை. ஒரு மாலுமிக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. கப்பலை இழுத்துவந்து எங்கள் கப்பல் கட்டும் தளத்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். பெயர் எழுதக் கூடாது. பதிலுக்குப் புதுசு கட்டலாம் என்றுகூட மேலே பேசினார்களாம். புதுசு கட்ட ஏழு வருஷம் ஆகும். தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைத் தரையில் நிறுத்துகிற பெரிய ட்ரை டாக் இருப்பது ஒன்றே ஒன்று, அதில் பாதி கட்டின கப்பல் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே இழுத்தால்தான் அடிபட்டது உள்ளே வரும். அது போக இன்னும் ரெண்டு கப்பல், பொங்கலுக்கு முதல் நாள் மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கிற மாதிரி வரிசையில் நிற்கின்றன.

டாக்கைக்கூட ஒதுக்கிவிடலாம், ஆள் எங்கே? நாற்பது வெல்டர் வேண்டும். போர்க்கப்பல் தகட்டில் கை வைக்கப் பரீட்சை பாஸானவர்கள், சூப்பர்வைசர் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடச் சொல்கிறார் மேலாளர் பீமாராவ் சார். நான் முதலில் சொன்னது உன் பெயர். ஆறு மாதம் வந்துவிட்டுப் போ. என் மகள் திவ்யா இங்கேயே டிராயிங் ஆபீஸில் சேர்ந்துவிட்டாள். "விருமாண்டி மாமா எப்ப வாராக?" என்று தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
கண்ணுச்சாமி


வாடிப்பட்டி,
11.3.2025

அன்பு மாப்ள,

உன் கடிதத்தைப் போஸ்ட்மேன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் என் முதுகில் தட்டித்தான் கொடுத்தார். கொய்யா அனுப்பினால் தின்றுவிட்டுப் பேசாமல் இருப்பாய், அனுப்பாவிட்டால்தானே கடிதம் போடுகிறாய்?

நான் வருவதாக இல்லை. இங்கே காலையில் சங்கு ஊதுவதில்லை. ஊதினாலும் எனக்குக் கேட்காது. தண்ணீர் பாய்ச்சுகிறேன், காயை அணிலுக்கு முன்னால் பறிக்கிறேன், மத்தியானம் தூங்குகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் சொல். அது நாம் கட்டினதா? எந்தப் பக்கம் அடி? மோதினால் தகடு நசுங்கும், கிழியும். ஜாயின்ட் பிரியக் கூடாது. பிரிந்திருந்தால் அது வெல்டிங் அடித்தவன் குற்றம். வெல்டிங்குக்குப் பக்கத்தில் நாற்பத்தேழு என்று என் எண்ணை இரும்புப் பஞ்ச்சால் குத்திவிட்டு வந்த எந்த இடமும் இன்றுவரை விட்டதில்லை. அது ஒன்றுதான் நான் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "கப்பல்ல உங்க கூடப்பிறந்தவுகளா இருக்காக, எதுக்கு இம்புட்டு வெசனப்படுறீக?" என்று ரெங்கம்மாள் திட்டுகிறாள். பெயர் எழுத வேண்டாம். இடமா வலமா என்று மட்டும் எழுது.

விருமாண்டி


கப்பல் தளக் குடியிருப்பு,
20.3.2025

அன்பு மாப்ள,

நேராகப் பதில் எழுதத் தைரியம் வராமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நாம் கட்டினதுதான். பதினோரு வருஷம் ஆகிறது. இடது பக்கம். தகடு நசுங்கினதோடு நின்றிருக்க வேண்டும், ஆனால் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஜாயின்ட் பிரிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த அறையில்தான் அந்த மாலுமிக்குக் கால் ஒடிந்தது. வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே இரும்பு சரியாக உருகிச் சேரவில்லை. பக்கத்தில் நாற்பத்தேழு என்று குத்தியிருக்கிறது.

அது நீ அடித்தது இல்லை என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கப்பலைக் கடலில் இறக்க நாள் குறித்துவிட்டு எல்லோருடைய லீவையும் நிறுத்தினார்கள் அல்லவா, அந்தச் சித்திரை. ரெங்கம்மாளின் ஆபரேஷனுக்கு நேர்ந்துகொண்டதால், அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சியே ஆகவேண்டும் என்று நீ ரயில் ஏறிவிட்டாய். மூன்று நாள் நீ வேலைக்கு வந்த மாதிரி உன் டோக்கனையும் நான்தான் மாட்டினேன். உன் பங்கு வேலையை அடித்து, உன் பஞ்ச்சைக் குத்தினேன். ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆள் ஓட ஓடச் செய்தது. வெல்டிங்கைச் சோதிக்கிற எக்ஸ்ரே பத்து இடத்துக்கு ஒன்றுதான் எடுப்பார்கள், அதிலும் இது தப்பிவிட்டது.

விசாரணை ஆபீஸிலிருந்து உனக்குக் கடிதம் வரும். மாப்ள, அதை உன்னுடையது என்று எழுதிவிடேன். வீட்டில் இருக்கிறவனை என்ன செய்துவிடப் போகிறார்கள்? எனக்கு இன்னும் பதினாலு மாதம் வேலை இருக்கிறது. திவ்யா இதே ஆபீஸில் நாலு பேர் முன்னால் உட்கார வேண்டும். இதை நேரில் கேட்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஆள் இல்லை என்றது பொய்யில்லை.

கண்ணுச்சாமி


வாடிப்பட்டி,
27.3.2025

கண்ணுச்சாமிக்கு,

வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

விருமாண்டி


வாடிப்பட்டி,
5.4.2025

கண்ணுச்சாமி,

போன கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு எனக்கு வருத்தமாகிவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணைக் கடிதம் வந்தது. ஒரே கேள்விதான். இந்த வெல்டிங் உங்களுடையதா? ரெண்டு நாள் தோப்புக்குள்ளேயே நடந்தேன். அன்று உன் கையைப் பிடித்து, "மாப்ள, மூணு நாளு, என் நம்பரை நீயே அடிச்சிரு" என்று கெஞ்சினவன் நான். நீ மாட்டேன் என்று ரெண்டு தடவை சொன்னாய். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாமி காரியம் என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். ரெங்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் கால் ஒடிஞ்ச புள்ளைக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்ல" என்றாள்.

நான் அனுப்பின பதில் இதுதான்: "அந்த இடத்தில் வெல்டிங் அடித்த மூன்று நாளும் நான் வேலையில் இல்லை. வைகை ஆற்றில் நின்றேன். என் எண்ணை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது என் குற்றம். யார் கையில் என்று சொல்ல மாட்டேன்."

என்னுடையது என்று பொய் எழுதக் கை வரவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை. இனி உன் பாடு.

விருமாண்டி


கப்பல் தளக் குடியிருப்பு,
16.4.2025

மாப்ள,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் பதிலை எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் வாசித்தார்கள். "யார் அந்த ஆள்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். திவ்யா டிராயிங் சுருளோடு சுவர் ஓரம் நின்றிருந்தாள். அவள் இருக்கும்போது சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நான்தான் சார்" என்றேன்.

ரெண்டு நாள் அவள் எனக்கு முன்னாலேயே கிளம்பித் தனியாக ஆபீஸுக்குப் போனாள். மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "விருமாண்டி மாமா பேருல பழி போயிருந்தா நீங்க தூங்கியிருப்பீகளாப்பா?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன் மாப்ள.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார் அதிகாரி. பீமாராவ் சார் கணக்குப் பார்த்தார். பதினொரு பேரில் ஒருவன் போனால் பத்து. வரிசையில் மூன்று கப்பல். என்னை மன்னித்து வைத்துக்கொள்ளவில்லை, ஆள் இல்லாததால் வைத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் வேலை போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து திரும்பப் பரீட்சை எழுதினேன். பாஸ். இனி நான் அடிக்கிற ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். எடுக்கட்டும்.

கப்பல் டாக்குக்குள் வந்துவிட்டது. பிரிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் உள்ளே ஒருவன், வெளியே ஒருவன் நின்று அடிக்க வேண்டிய இடம். உள்ளே நான் நிற்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளிப்பக்கத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

உன்னைக் கூப்பிட எனக்கு முகமில்லை. கூப்பிடவில்லை. நிலவரத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

கண்ணுச்சாமி


வாடிப்பட்டி,
26.4.2025

அன்பு மாப்ள,

கூப்பிடவில்லை என்று எழுதிவிட்டு, எந்தப் பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்றும் எழுதுகிறாய். உன்னை எனக்குத் தெரியாதா?

மே நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரயில். பீமாராவ் சாருக்குத் தனியாக எழுதிவிட்டேன். தப்பு செய்தவன் நான், பரீட்சைத் தகடு எனக்கும் வைக்க வேண்டும், எக்ஸ்ரே எனக்கும் எடுக்க வேண்டும், சம்மதம் என்றால் வருகிறேன் என்று கேட்டிருந்தேன். வரச் சொல்லித் தந்தி மாதிரி ஒரு வரி பதில் வந்திருக்கிறது. பாஸானதும் என்னை வெளிப்பக்கம் போடச் சொல்.

மே பன்னிரண்டு சித்ரா பௌர்ணமி. அன்று லீவு கேட்க மாட்டேன். "நான் போய் அழகர்கிட்ட சொல்லிக்கிறேன், நீங்க போங்க" என்று ரெங்கம்மாள் சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் அந்த மாலுமி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று விசாரித்து வை. வேலையில் இறங்குமுன் ரெண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூடையில் கொய்யா கொண்டுவருகிறேன், பாதி அவருக்கு.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேரில் திட்டினால்தான் தீரும். உள்ளேயிருந்து நீ பதில் சொன்னாலும் எனக்குக் கேட்காது, அதனால் தகட்டை ரெண்டு தட்டுத் தட்டு. கை வைத்தால் எனக்குத் தெரியும்.

என் பழைய பஞ்ச்சைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அவனவன் எண்ணை அவனவன் குத்துவோம்.

வாரேன்.

உன் மாப்ள,
விருமாண்டி