வாலுக்கு வைத்த பொட்டு

இன்று ஆயுத பூஜை. காலையில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஸ்கூட்டர் முன்னால் போய் நின்றேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பொட்டு வைக்காமலே திரும்பி வந்து கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். தலைவலி என்றேன். நான் இப்படிக் கூசாமல் பொய் சொல்வேன் என்பது உனக்குத் தெரியாது, அண்ணே. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியை வாங்கி வந்தாய். உள்ளே பால்சா என்கிற எடையில்லாத மரக் குச்சிகளும் மெல்லிய தாளும். ஒட்டி முடித்தால் கை நீளத்துக்கு ஒரு விமானம். ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் சில நொடி பறக்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். ரப்பரை எடுத்துவிட்டு, மூக்கில் மோட்டாரும் வயிற்றில் பாட்டரியும் வைத்து ரிமோட்டில் ஓட்டப் போவதாகச் சொன்னாய். "உனக்குப் பொழுது போகலியாக்கும்" என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. வலது கையை நீட்டினாய். விரல்கள் லேசாக நடுங்கின.

"டாக்டர் ஒண்ணுமில்லங்காரு. எனக்குத்தான் நம்பிக்கை வரலல. இதைச் செஞ்சு, பறக்கவிட்டு, முழுசா இறக்கிட்டேன்னா, கை நல்லாத்தான் இருக்குன்னு நம்பிக்கிடுவேன்."

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. ஞாயிறுதோறும் என் டாலிகஞ்ச் வீட்டிலிருந்து லேக் கார்டன்ஸில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். சாப்பாட்டு மேஜை முழுக்க உன் கடைதான். "இவுக பிளேன் இறங்குற வரைக்கும் நாம தரையில உக்காந்துதான் சாப்பிடணும்" என்று மைனி எனக்குத் தட்டு வைப்பாள். நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, குச்சி, கம்பி, பசை என்று ஒன்று விடாமல் எடை போட்டாய். சரியென்று பட்டதைக்கூடப் பிளேடால் சீவி மறுபடி நிறுப்பாய். ஏன் இந்தப் பாடு என்றால், "வாலுல ஒரு கிராம் கூடுனா மூக்குல மூணு கிராம் வைக்கணும், தெரியுமால?" என்பாய்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாம் முடிந்தது. பூஜையன்று ஸ்க்ரூடிரைவர், பிளேடு, தராசு, ரிமோட் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கினாய். நடுவில் விமானம். பொட்டு வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்து, "விமானத்துக்கு மட்டும் வேண்டாம்" என்றாய். சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பூஜையில் வைத்த பொருளுக்குப் பொட்டு இல்லாமலா? உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நீ கற்பூரம் எடுக்க உள்ளே போனதும், வாலுக்கு அடியில், உன் கண்ணில் படாத இடத்தில், சந்தனத்தை ஒற்றிவிட்டேன். விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும் வாலில் மேலும் கீழும் அசைகிற மடல் ஒன்று உண்டே, அதன் இடுக்கில். ஒரு ராத்திரியில் காய்ந்து இறுகிவிட்டது.

விஜயதசமி காலை. மைதானத்தில் நான் விமானத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ ரிமோட்டோடு தள்ளி நின்றாய். பறக்கவிடும் முன் வாலைச் சோதிக்க வேண்டும். "மேலே?" என்று கேட்டாய். மடல் மேலே போனது. "மேலே" என்றேன். "கீழே?" என்றாய். பக்கத்துத் துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தது. திரும்பி அங்கே பார்த்தபடியே "கீழே" என்றேன். பார்க்காமல் சொன்னேன்.

எறிந்தேன். எவ்வளவு அழகாக ஏறியது! ஏறிக்கொண்டே போனது. மூக்கு கீழே வரவேயில்லை. அப்படியே மல்லாந்து மதிலோரம் விழுந்து நொறுங்கியது.

நான்தான் முதலில் ஓடினேன். உடைந்த வாலைத் திருப்பியதும் புரிந்துவிட்டது: காய்ந்த சந்தனம் மடலைக் கீழே இறங்கவிடவில்லை. நீ வந்து சேர்வதற்குள் கட்டைவிரலால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

நீ என் மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீ உன் கையைப் பார்த்தாய். "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். கைதான் போயிட்டுல" என்றாய். மைதானத்துக் காவலாளி வந்து "ஷுபோ பிஜோயா, தாதா" என்று வங்காளியில் விஜயதசமி வாழ்த்துச் சொல்லிக் கட்டிக்கொண்டார். அவருக்குச் சிரித்துப் பதில் சொன்னாய்.

அதன் பிறகு பிளேடைத் தொடவில்லை. தராசை யாருக்கோ கொடுத்துவிட்டாய். கடைசியில் நான் இருந்தால் காபித் தம்ளரைக்கூட எடுக்கமாட்டாய். மைனி எடுத்து உன் வாயருகே பிடிப்பாள். "இவுகளால முடியும் தம்பி, எடுக்க மாட்டேங்காக" என்று என்னிடம் முறையிட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். வெட்கம்தான், வேறென்ன. போன வைகாசியோடு உன் ஞாயிறுகள் முடிந்துபோயின.

ஒன்று மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விமானம் ஏறிக்கொண்டே போனபோது நான் பயந்து உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அதை எப்படியாவது இறக்கப் போராடிக்கொண்டிருந்தாய். உன் விரல்கள் துளிகூட நடுங்கவில்லை. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். உன்னிடம் சொல்லாதவனும் நான்தான்.