வாசல் கல்லுக்கு வெளியே

குற்றாலம்
வெகுதானிய வருஷம், ஆனி 4

சிரஞ்சீவி ஆவுடையப்பனுக்கு உன் மதினி வடிவம்மாள் ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் சுகம். உன் வீட்டில் ரெங்கத்துக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? சாரல் இறங்கிவிட்டால் பாவம், அவளுக்கு நடமாட்டம் நின்றுபோகும். நொச்சி இலை பறித்து இந்தக் கடுதாசியோடு பூக்காரியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டு ஊற்றச் சொல்.

ஒரே ஊரில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் கடுதாசி எழுதுகிறோம் என்று தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். உன் அப்பா, எனக்குத் தாய்மாமா, என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய அன்றைக்கே சொல்லிவிட்டேன், அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் கல்லைத் தாண்டமாட்டேன், அந்த வீட்டாரோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று. கிழவியாகியும் அதை மாற்றவில்லை. எழுதமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. எழுதச் சொல்லிக்கொடுத்தவரே உன் அப்பாதானே.

இப்போது எழுதுவது என் பேத்தி பாலம்மாளுக்காக. உன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது படிக்கிறாள். நேற்று சாயங்காலம் கையில் தக்ளியும் ஒரு பொட்டலம் பஞ்சுமாக வந்து நின்றாள்.

"என்னட்டி இது?"

"இனிமே பொம்பளப் பிள்ளைகளுக்குக் கணக்கு கிடையாதாம் ஆச்சி. பையங்க கணக்கு போடுதாங்க, நாங்க நூல் நூக்கோம்."

"கணக்கு எங்கட்டி போச்சு?"

"பெரிய வாத்தியாரு எடுத்துட்டாரு."

எடுத்து எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டு எழுதச் சொல்லுகிறாள். அடுத்த வருஷம் தென்காசிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளை ஆறாவது சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அங்கே கணக்கில் பரீட்சை வைப்பார்கள். அதனால் கணக்கு நேரத்தில் அவளைப் பையன்களோடு உட்கார்த்தி வை. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இப்படிக்கு
உன் மதினி
வடிவம்மாள்

*

பள்ளிக்கூடத்து வீடு, குற்றாலம்
22-6-38

அன்பும் மரியாதையும் நிறைந்த மதினி அவர்களுக்கு ஆவுடையப்பன் வணக்கம்.

நொச்சி இலை கிடைத்தது. ரெங்கம்மாள் உங்களை வாயார வாழ்த்துகிறாள்.

மதினி, காலம் மாறிவிட்டது. தேசம் முழுவதும் இப்போது ஒரே பேச்சு, கல்வி என்றால் வாழ்க்கையோடு ஒட்டியதாக இருக்கவேண்டும், கைக்குத் தொழில் வேண்டும் என்று. மதுரையில் நடந்த ஆசிரியர் மகாநாட்டுக்கு நானே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். நம் பெண்பிள்ளைகளின் வாழ்க்கை என்ன? அடுப்பு, துணி, குழந்தை. பின்னக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள்? நீங்களே அஞ்சாவதோடு நின்றவர்கள். வயலும் மாடும் மருமகளுமாக இத்தனை பெரிய குடும்பத்தை நடத்தவில்லையா? உங்களைத்தான் நான் வகுப்பில் உதாரணமாகச் சொல்லுகிறேன். என் பேத்தி மங்களேஸ்வரியையும் பாலம்மாளோடுதான் நூற்க வைத்திருக்கிறேன். எனக்குப் பாரபட்சம் கிடையாது.

இன்னொன்று. டிப்டி இன்ஸ்பெக்டர் ஆடி முதல் வாரம் வருகிறார். சீசனுக்குக் குடும்பத்தோடு பங்களாவில் தங்கி, அருவியில் குளித்துவிட்டு, அப்படியே நம் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டுப் போவார். வருஷா வருஷம் நீங்கள் செய்கிற உதவியை இந்த வருஷமும் செய்யவேண்டும். பெண்கள் வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ரிஜிஸ்தரில் பெயர் இருக்கிறது. தெருவில் இருக்கிற பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, யார் எந்தப் பெயருக்கு 'ஆஜர்' சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, வாசல் கல் வரைக்கும் கொண்டுவந்து விட்டால் போதும். நீங்கள் அழைத்தால்தான் பிள்ளைகளின் அம்மாமார் அனுப்புவார்கள். ரிப்பன் அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள
ஆவுடையப்பன்

*

குற்றாலம்
ஆனி 14

ஆவுடையப்பனுக்கு மதினி எழுதுவது.

ரிப்பன் வந்தது. நல்ல சிவப்பு.

என்னை உதாரணமாகச் சொல்லுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த உதாரணத்தை முழுசாகச் சொல்லுகிறாயா? நானும் நீயும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்ததைச் சொல்லுகிறாயா? என் சிலேட்டை எட்டிப் பார்த்துத்தான் நீ வகுத்தல் போட்டாய். அப்போதெல்லாம் பெண்பிள்ளை பரீட்சையில் தேறினால் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கூடுதலாகக் கிராண்டு கொடுக்கும். அதற்காக மாமா எனக்கு விளக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கடகடவென்று ஒப்பித்தேன், முதலாவதாகத் தேறினேன். கிராண்டு வந்தது. மறுநாளே, "போதும்ட்டி, வீட்டுக்குப் போ" என்றார். தேறினதுக்குச் சர்ட்டிபிகேட்டு கேட்டேன். "பொட்டப்பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட்டு எதுக்கு, அடுப்புக்குப் படிச்சுக் காட்டவா?" என்றார். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். உனக்குச் சர்ட்டிபிகேட்டு கொடுத்தார், நீ தென்காசிக்குப் போய்ப் படித்தாய், பெரிய வாத்தியாராக வந்து உட்கார்ந்தாய்.

அன்றைக்கு மனப்பாடம்தான் கல்வி என்றார்கள். இன்றைக்குக் கைத்தொழில்தான் கல்வி என்கிறாய். சட்டை புதுசு, உள்ளே இருக்கிற ஆள் மாமாதான். நானும் பேப்பர் வாசிக்கிறேன். வார்தாக் கல்வித் திட்டத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நூற்கவேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நூற்பதோடு கணக்கும் வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் பக்கம் பஞ்சு, பையன்கள் பக்கம் கணக்கு என்று பிரித்தது யார்? மதுரையா, நீயா?

பிள்ளைகளைக் கூட்டிவருகிறேன். இரண்டு காரியம் நீ செய்யவேண்டும். பாலம்மாளைக் கணக்கில் உட்கார்த்தி வை. அப்புறம், வடிவம்மாள் இன்ன வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு தேறினாள் என்று எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு உன் கையால் எழுதி, முத்திரை குத்தி அனுப்பு.

வடிவம்மாள்

*

பள்ளிக்கூடத்து வீடு
1-7-38

மதினி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ரெங்கம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு முட்டுவலியே மறந்துபோயிற்று. பேரன் பேத்தி எடுத்தபிறகு சர்ட்டிபிகேட்டா? ஊர் கேட்டால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள். அப்பா செய்தது குடும்ப நன்மைக்கு. இறந்தவரைக் குறை சொல்லவேண்டாம்.

பாலம்மாள் விஷயம், இப்போது முடியாது. பெண்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து நூற்பதை இன்ஸ்பெக்டர் பார்க்கவேண்டும். ஒருத்தியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் வரிசை கெட்டுவிடும்.

கோபத்தில் பிள்ளைகளைக் கூட்டிவராமல் இருந்துவிடாதீர்கள். இந்த முறை பிள்ளைகள் வருகிற கணக்கு சரியாக இல்லையென்றால் பெண்கள் வகுப்பை எடுத்துவிடுவதாகப் போன வருஷமே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் மானம் உங்கள் கையில் இருக்கிறது.

ஆவுடையப்பன்

*

குற்றாலம்
ஆனி 20

ஆவுடையப்பனுக்கு,

பயப்படாதே. ஒரு பிள்ளை குறையாது. சிகைக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, உன் ரிப்பனைக் கட்டி, நானே கூட்டிவருகிறேன்.

வடிவம்மாள்

*

பள்ளிக்கூடத்து வீடு
31-7-38

வடிவம்மாள் அவர்களுக்கு,

மதினி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சொன்னபடி கூட்டிவந்தீர்கள். வாசலில் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. எல்லாத் தலையிலும் சிவப்பு ரிப்பன். இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரை விரித்து "பேச்சித்தாய்" என்று கூப்பிட்டார். சுடலையாண்டி மகள் எழுந்து நின்று என்ன சொன்னாள் தெரியுமா?

"பேச்சித்தாய் இல்ல சார். அவளுக்குக் கல்யாணம் ஆயி கடையம் போயிட்டா. புள்ள பெறப்போறா. நான் பிச்சைமணி."

"நீ எந்த வகுப்பு?"

"நான் ஆடு மேய்க்கேன் சார்."

"அப்புறம் இங்கே எதற்கு வந்தாய்?"

"வருசா வருசம் இன்னிக்கு மட்டும் வருவோம். ரிப்பன் குடுப்பாவ."

இன்ஸ்பெக்டருடன் வந்திருந்த கிளார்க்கு சிரித்தான். அடுத்த பெயர், அடுத்த பெயர் என்று கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் எழுந்து தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். ஒருத்தி நாற்று நடுகிறேன் என்றாள். ஒருத்தி தம்பியைத் தூக்குகிறேன் என்றாள். உங்கள் பாலம்மாள், "எனக்குக் கணக்கு வேணும் சார்" என்றாள். யார் இப்படிச் சொல்லச் சொன்னது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பிச்சைமணி சுவரைக் காட்டினாள். 'உண்மையே பேசு' என்று நான் எழுதிவைத்திருந்ததை. "அதுல என்ன எழுதியிருக்குன்னு ஆச்சி சொன்னாவ" என்றாள்.

அப்போதுதான் நீங்கள் வாசல் கல்லைத் தாண்டி உள்ளே வந்தீர்கள். இத்தனை காலம் தாண்டாத கல். "யாரம்மா நீங்கள்?" என்று கேட்டதற்கு, "இந்தப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது முதலாவதா தேறினவ. இவங்க அப்பா என்னைக் காட்டிக் கிராண்டு வாங்கினாரு. இவன் இந்தப் பிள்ளைகளைக் காட்டி வாங்குதான். கூட்டியாந்து காட்டினது நான். அதையும் எழுதிக்கிடுங்க" என்றீர்கள்.

எழுதிக்கொண்டார். பெண்கள் வகுப்பை எடுத்துவிட்டார்கள். தலைமை வாத்தியார் வேலையை வீரபாகுவிடம் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்துவிட்டது. அவன் என்னிடம் படித்தவன்.

உங்கள் வஞ்சம் தீர்ந்திருக்கும். இனி நமக்குள் கடிதம் வேண்டாம்.

ஆவுடையப்பன்

*

பள்ளிக்கூடத்து வீடு
9-6-39

மதினி அவர்களுக்கு ஆவுடையப்பன் எழுதுவது.

என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. போடமாட்டீர்கள் என்று தெரியும்.

மங்களேஸ்வரியைத் தென்காசிக்கு அழைத்துப்போனேன். இங்கே பெண்கள் வகுப்பு இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று. அங்கே பரீட்சை வைத்தார்கள். தமிழ் நன்றாக வாசித்தாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு ஒன்று கொடுத்தார்கள். பிள்ளை சிலேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எனக்கு நூக்கத்தான் தெரியும் தாத்தா" என்றாள். பரீட்சை வைத்த டீச்சரம்மாள் அவள் பெயரை அடித்துவிட்டார். அதே பெஞ்சில் உங்கள் பாலம்மாளும் இருந்தாள். போட்டு முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும் மங்களம், "பாலம்மாவுக்கு யாரு தாத்தா கணக்கு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டை ஒட்டி நெல் போட்டுவைக்கிற சாய்ப்பில் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லுகிற சத்தம் காலையில் இங்கே வரைக்கும் கேட்கிறது. ஒரு வருஷமாகக் கேட்கிறது. மங்களத்துக்கும் அங்கே ஒரு இடம் கொடுப்பீர்களா?

ரெங்கம்மாளுக்கு முட்டுவலி அதிகமாகிவிட்டது.

ஆவுடையப்பன்

*

குற்றாலம்
பிரமாதி வருஷம், ஆனி 1

சிரஞ்சீவி ஆவுடையப்பனுக்கு மதினி வடிவம்மாள் எழுதுவது.

நொச்சி இலை அனுப்பியிருக்கிறேன். ரெங்கத்துக்கு, உனக்கு அல்ல.

வஞ்சம் தீர்ந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். தீரவில்லை. நீ வேலையை இழந்த அன்று ராச்சாப்பாடு எனக்கு ருசித்தது. பொய் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மறுநாள் காலையில் பிச்சைமணி ஆட்டை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "ஆச்சி, இனிமே ரிப்பன் கிடையாதா?" என்றாள். அப்போதுதான் உறைத்தது, உன்னை இறக்கினதில் அந்தப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒருநாள் பள்ளிக்கூடமும் போயிற்று என்று. அதனால் சாய்ப்பைக் கூட்டிப் பெருக்கினேன். என் மேல் உனக்கு நல்லெண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மங்களேஸ்வரி வரட்டும். பிள்ளைமேல் எனக்கு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலையில் மாடு அவிழ்க்கிறதுக்கு முன்னால் நீயே கையைப் பிடித்துக் கூட்டிவா. ஆள் அனுப்பாதே, ரெங்கத்தை அனுப்பாதே. தெருவழியாக, எல்லாரும் பார்க்க நட. எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கல் கிடக்கிறது. அதுவரைக்கும் வந்தால் போதும், உள்ளே வரவேண்டாம். நின்று பார்க்கவேண்டும் என்றால் நில். நான் வருஷா வருஷம் நின்ற மாதிரி.

பிச்சைமணி பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டிருக்கிறேன். கழித்தலில் பிச்சைமணிதான் இப்போது கெட்டி. அவள் சிலேட்டை எட்டிப் பார்க்காமல் போடச் சொல்லிக்கொடுக்கிறேன். தக்ளியையும் கொண்டுவரச் சொல். நூற்பது நல்ல வேலைதான், கணக்கு போட்ட பிறகு நூற்போம்.

எனக்குத் தெரிந்தது அஞ்சாவது வரைக்கும்தான். அதை முடித்ததும் மங்களேஸ்வரிக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு எழுதுவேன். உன் அப்பா எனக்கு எழுதித் தராததை, நீ எழுத முடியாது என்று சிரித்ததை, உன் பேத்திக்கு என் கையால் எழுதுவேன். அதை அவளிடம் கொடுக்கமாட்டேன். நீ வந்து அந்தக் கல்லில் நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு போகவேண்டும். நான் அப்போதும் உன்னோடு பேசமாட்டேன்.

இப்படிக்கு
வடிவம்மாள்
ஐந்தாம் வகுப்பு, முதலாவதாகத் தேறியவள்