முகர்ந்து பார்க்காத பொட்டலம்

என் ஆசை ராத்தா,

பிற்பகல் மூன்று மணி. ஒரு மழை பெய்து ஓய்ந்து, லிட்டில் இந்தியா முழுக்க மறுபடி வெயில் வந்திருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். சட்டியில் போட்ட சாம்பிராணி உன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக மேலே போகிறது. புகை தெரிகிறது, வாசம்தான் தெரியவில்லை. போன மாதம் வரைக்கும் இது அக்கா தம்பி நம் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

நீ மவுத்தாகி இரண்டு பெருநாள் கடந்துவிட்டது. இந்த நேரத்தில் கண் சொக்கும்போதெல்லாம் நீ உள்ளே பொட்டலம் கட்டுகிற சரசரப்பு கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று ஒரு பயம். அங்கேயும் உனக்கு மதியத் தூக்கம் கிடையாதா?

அந்தக் காய்ச்சல் என் மூக்கைக் கொண்டுபோன நாள் உனக்கு நினைவிருக்கும். அத்தரும் ஊதுபத்தியும் விற்கிறவனுக்கு வாசம் போய்விட்டது என்று நான் அழுதேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "வெளிய சொல்லிடாதடா, நம்ம கடை வாசல்ல கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும்" என்றாய். மறுநாள் காலையிலிருந்து எனக்கு வாசம் சொல்ல ஆரம்பித்தாய். "இன்னிக்கி காத்துல கடல் இருக்குடா. பக்கத்துக் கடையில பருப்பைத் தீய விட்டுட்டாங்க. எதிர்க் கடைக்கு மல்லி வந்திருச்சு, பாதி மொட்டு, பாதி பூ." நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் வாசம் வந்துவிட்டது போலவே இருக்கும்.

புதிதாக என்ன சரக்கு வந்தாலும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகராமல் நீ அலமாரியில் ஏற்றமாட்டாய். பாலிக் புலாவிலிருந்து வந்த ஜாதிக்காயை ஒரு தடவை மூட்டையோடு திருப்பி அனுப்பினாயே! "வெயில்ல காயல, அடுப்புப் புகையில காய வச்சிருக்கான்" என்று உள்ளேயிருந்தே சொன்னாய். பிறகு ஊருக்காக அதை என் கையில் கொடுப்பாய். நானும் வாடிக்கையாளர் முன்னால் குனிந்து, மூச்சை இழுத்து, தலையாட்டுவேன். முகர்ந்தது நீ, பேர் எனக்கு. 'காதர் பாய் மூக்கு' என்று இந்தத் தெருவே சொல்லும்.

நீ போன பிறகு நான் அந்தத் தலையாட்டலையாவது விட்டிருக்க வேண்டும்.

போன வருஷம் பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து ஒரு விற்பனையாள் வேனில் வந்தான். பளபளவென்ற பொட்டலம், மேலே பச்சை இலைப் படம், மூலிகைத் தூபம், சாப்பிடக்கூடாது என்று மலாயில் எழுத்து. "புதுச் சரக்கு பாய், நல்லா ஓடுதுலா" என்றான். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். வழக்கம்போலப் பிரித்தேன், குனிந்தேன், தலையாட்டினேன். சாம்பிராணிக்குப் பக்கத்திலேயே அடுக்கினேன்.

அந்த நாலு பேரில் மேரி டீச்சரும் ஒருவர். மாதா சிலைக் கெபியில் போட மாதாமாதம் நம்மிடம் சாம்பிராணி வாங்குவாரே, அதே டீச்சர். பொட்டலம் வேகமாகத்தான் போனது. யார் வாங்குகிறார்கள், எதற்கு என்று எனக்குக் கேள்வியே வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. கேட்டால் எனக்கு வாசம் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும், அதனால் கேட்கவில்லை.

டீச்சர் மகன் ஸ்டீபன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறான். பகலில் தூக்கம் வராது. இதைச் சுருட்டிப் புகைத்தால் நன்றாகத் தூங்கலாம் என்று கூட வேலை செய்கிறவன் சொல்லியிருக்கிறான். டீச்சர் முதலில் பயந்துவிட்டு, பிறகு நான் முகர்ந்து தலையாட்டிய சரக்குதானே என்று நம்பி, தானே வந்து என்னிடம் வாங்கிப் போயிருக்கிறார். இலைதழையில் செய்தது என்று நாங்கள் நினைத்ததன் மேல் கஞ்சாவைப் போல வேலை செய்யும் ரசாயனத்தைத் தெளித்திருந்தார்கள். ஸ்டீபனுக்கு வலிப்பு வந்து, மூன்று நாள் பெற்ற தாயையே அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க வாங்கினீங்கன்னு டாக்டருங்க கேட்டாங்க பாய். ஞாபகம் இல்லன்னுட்டேன். நீங்க மோந்து பார்த்துதானே வச்சிருப்பீங்க, உங்களையும் யாரோ ஏமாத்திட்டாங்க."

ராத்தா, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கடைக்கு வந்து மிச்சப் பொட்டலங்களை ஒரு பெட்டியில் போட்டு உன் நாற்காலிக்குக் கீழே தள்ளிப் பூட்டினேன். நீ இருந்திருந்தால் அந்தப் பெட்டியின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருப்பாயா?

பிறகுதான் மாநகர் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. இப்படிப் புகைக்கிற மூலிகைப் பொட்டலங்களைக் கடைகளில் விற்கத் தடை கொண்டுவரப் போகிறார்கள், வியாபாரிகள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று. மூலிகை என்று எழுதியதையெல்லாம் அள்ளிப் போய்விடுவார்கள் என்று தெருவே கலங்கியது. நம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் முருகையா அண்ணன் என்னைத்தான் பிடித்தார். "பாய், நீங்க எழுந்து நாலு வார்த்தை சொன்னா போதும்லா. நல்லது கெட்டது நம்ம மூக்குக்குத் தெரியாதா? தடை எதுக்கு?"

போனேன். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, மன்றக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். அண்ணன் என் மூக்கின் புகழைப் பாடி முடித்ததும், அந்தப் பெண் பிரித்த பொட்டலம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். அதே பச்சை இலை.

"பாய், இது என்ன வாசம்னு நீங்களே சொல்லுங்க."

கை பழக்கத்தில் எடுத்தது. குனிந்தேன், மூச்சை இழுத்தேன். பின்னாலிருந்து உன் குரல் வரும் என்று நான் காத்திருந்தேன், ராத்தா. சத்தியமாகக் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"எனக்கு வாசம் தெரியாதும்மா" என்றேன். "அஞ்சு வருஷமாத் தெரியாது. என் ராத்தா மூக்கை வச்சுத்தான் கடை நடந்துச்சு. இதே பொட்டலத்தை நான் வித்தேன். ஒரு புள்ள சாகப் பார்த்துச்சு. மிச்சம் என் கடையில பெட்டியில இருக்கு. சாம்பிராணியை விட்டுடுங்க, இதைத் தடை பண்ணுங்க. எங்க மூக்கை நம்பாதீங்க."

முருகையா அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். அந்தப் பெண் பொட்டலத்தை எடுத்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நகப்பூச்சு அழிக்கிற தண்ணி மாதிரி அடிக்குது பாய்" என்றார். நீ உள்ளேயிருந்தே கண்டுபிடித்திருப்பாய்.

தடை வந்துவிட்டது. அறிவிப்பு நம் கதவிலும் ஒட்டியிருக்கிறது. பெட்டியை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நம் உரிமத்தைப் புதுப்பிப்பார்களா என்று தெரியாது, விசாரிக்கிறோம் என்கிறார்கள். நேற்று முன்தினம் ஒருவர் ஊதுபத்தியைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஸ்டீபன் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மாவை அம்மா என்கிறான். தேநீர்க் குவளையைப் பிடித்தால் மட்டும் கை நடுங்குகிறது.

நேற்று மேரி டீச்சர் கடைக்கு வந்தார். செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. திட்டுவார் என்று எழுந்து நின்றேன். அவரோ சாம்பிராணி டின்னைத் தானே திறந்தார், ஒரு கட்டியை எடுத்தார், கண்ணை மூடி முகர்ந்தார். வெகுநேரம்.

"சாம்பிராணிதான் பாய்" என்றார். அப்புறம், போகிறபோது, "கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கு. வெயில்ல வைங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நீ போன நாளில்கூட அப்படி அழவில்லை.

இன்று காலை சாம்பிராணியை வெயிலில் பரப்பினேன், ராத்தா. இந்தக் கடை இருக்கும் வரை, புதுச் சரக்கு எது வந்தாலும், எனக்கு வாசம் தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்புவேன். இனிமேல் சும்மா தலையாட்டமாட்டேன்.

இன்றைக்குக் காற்றில் என்ன வாசம் என்று காலையில் இன்னும் உன்னையே கேட்கிற
உன் தம்பி,
காதர்